முதல் மர நெட்சுகே: பெயருள்ளதா, பெயரற்றதா, புதிதா?

ஜப்பானியர் இடுப்புக் கச்சையில் மாட்டிய சின்னச் சிற்பம் நெட்சுகே. ஒரே ஒரு நல்ல மர நெட்சுகே வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? மூன்று வழிகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற பட்டறை ஒன்றிலிருந்து வந்த, செதுக்கியவரின் கையொப்பம் உள்ள ஒன்றை வாங்கலாம். கையொப்பம் ஏதுமில்லாத, அதைவிடப் பழைய ஒன்றைத் தேடலாம். இன்றைக்கும் செதுக்கிக்கொண்டிருக்கும் கலைஞர் ஒருவரின் புதிய படைப்பை வாங்கலாம். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே தொகைக்கு நல்லவை கிடைக்கும் என்பதால்தான் முடிவெடுப்பது சிரமமாகிறது.

முடிவெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும். அது நெட்சுகேயின் வேலையிலேயே இருக்கிறது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானியர் உடுத்திய கிமோனோவில் பை தைப்பதில்லை. பணப்பை, புகையிலைப் பை, மருந்து வைக்கும் இன்ரோ என்ற அடுக்கு டப்பா எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி, ஓபி என்ற இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவி விழாதபடி அதன் மேல் முனையில் கோத்த சின்னச் சிற்பம்தான் நெட்சுகே. கச்சைக்கு உள்ளே கயிறு போகும், கச்சையின் மேல் விளிம்பில் நெட்சுகே உட்காரும். பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர்தான். உடுப்பில் மாட்டிக் கிழிக்கும் கூர்முனை இருக்கக் கூடாது. காது, வால், விரல் எதுவும் ஒடியும்படி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கயிறு நுழைய ஹிமோதோஷி என்ற இரண்டு துளைகள் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் என்பதால் அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கமும் செதுக்கி முடித்திருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்குள் ஒரு தேரையையோ, தூங்கும் எலியையோ, தோளில் தவளையைச் சுமக்கும் முனிவரையோ உயிரோடு கொண்டுவந்தார்கள் என்பதுதான் இந்தக் கலையின் பெருமை. ஆகவே எந்த நெட்சுகேயைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது இடுப்பில் தொங்க லாயக்கானதா? அப்படித் தொங்கியதற்கு அடையாளம் உண்டா?

தந்தத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். பெரிய ஏலங்களில் அதிக விலைக்குப் போனவற்றில் பல தந்த நெட்சுகேகள்தான். ஆனால் இந்தியாவில் இருப்பவருக்கு அந்தப் பாதை அடைபட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வெளிநாட்டுத் தந்தத்தின் வணிகத்தையும் தடுத்துவிட்டன. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து தந்த விற்பனைக்குத் தடை. பிரிட்டனில் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. விலக்குகள் உண்டு, ஆனால் குறுகியவை. யானைகளின் நிலையை நினைத்தால் இந்தத் தடைகளில் எனக்கு வருத்தமே இல்லை. மரம் வாங்குபவரும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மர நெட்சுகேயின் கண்ணிலோ, கையொப்பம் பொறித்த சின்னப் பட்டையிலோ, துளையின் விளிம்பிலோ தந்தம் பதித்திருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த மிவா என்ற கலைஞர், செர்ரி மரத்தில் செதுக்கிவிட்டுக் கயிற்றுத் துளைக்குச் சாயம் ஏற்றிய தந்தத்தால் விளிம்பு கட்டுவதற்குப் பெயர்பெற்றவர். எல்லை தாண்டி வாங்குவதாக இருந்தால் பதித்திருப்பது கொம்பா தந்தமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முதல் வழிக்கு வருவோம்.

கையொப்பம் உள்ளவை

19-ஆம் நூற்றாண்டில் மர நெட்சுகே ஊர் ஊராக வளர்ந்தது. இசே பெருங்கோயிலை ஒட்டிய யமாதாவில் மசானாவோ குடும்பம், பக்கத்திலிருந்த அசாமா மலையின் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தில் தேரை, எலி, நத்தை எல்லாம் செதுக்கியது. தாம்பா பகுதியில் நைதோ தொயோமாசா, கண் பதித்த விலங்குகளுக்குப் பேர்போனவர். 1773-இல் பிறந்து 1856-இல் மறைந்தார். கிஃபுவில் தொமோகசு ஆமைகளையும் குரங்குகளையும் செதுக்கினார். ஹிதா மலைநாட்டில், தகாயாமா ஊரில், மட்சுதா சுகேநாகா யூ மரத்தில் உளியின் வெட்டு தெரியும்படி விட்டுவிடும் பாணியை வளர்த்தார். அந்த யூ மரச் செதுக்கல் இன்றும் தகாயாமாவில் நடக்கிறது. ஊரைச் சொன்னால் மரத்தையும் பாணியையும் ஊகிக்க முடியும் என்பது புதிதாகச் சேர்க்க வருபவருக்குப் பெரிய வசதி. ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் ஏராளமான படங்கள் இருக்கின்றன. பிறகு விற்க நேர்ந்தாலும் பெயர் கைகொடுக்கும்.

சிக்கலும் அந்தப் பெயரில்தான். ஒசாகாவில் 1781-இல் வெளிவந்த ‘சோகென் கிஷோ’ என்ற நூல்தான் நெட்சுகே செதுக்குபவர்களை முதன்முதலில் பட்டியலிட்டது. இனாபா ட்சூரியூ என்ற வணிகர் எழுதியது. ஏழு பாகங்களும் பெரும்பாலும் வாள் அணிகளைப் பற்றியவை. கடைசிப் பாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே கலைஞர்கள் வருகிறார்கள். கியோட்டோவின் தொமோதாதாவைப் பற்றிச் சொல்லும்போது, அவருடைய மாடுகளுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன என்று அந்த நூல் அப்போதே எச்சரிக்கிறது. இரண்டேகால் நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்த எச்சரிக்கை பழசாகவில்லை.

எல்லாம் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பட்டறையில் மகனும் சீடனும் குருவின் பெயரையே தொடர்ந்து பொறிப்பது வழக்கம். யமாதா மசானாவோ என்ற பெயரில் பல தலைமுறைகள் இருந்தன. அதற்கு முன்பே கியோட்டோவில் வேறொரு மசானாவோ இருந்தார். அவர் 18-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கலைஞர்களில் ஒருவர். விளம்பரத்தில் வெறுமனே ‘மசானாவோ’ என்று போட்டிருந்தால் இவர்களில் யார் என்று கேட்காமல் விலை பேசக் கூடாது. அதனால் கையொப்பமுள்ள நெட்சுகேக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி ‘இது அவர் கைதான்’ என்று ஒரு நிபுணர் தரும் கருத்துக்கான விலை. கருத்து மாறினால் அந்தப் பகுதி கரைந்துவிடும். செதுக்கலின் தரத்தை முதலில் பார்த்து, கையொப்பத்தைக் கடைசியில் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வழியில் பயமில்லை. யமாதா மசானாவோ வழியில் பிற்காலத் தலைமுறைகளின் தேரைகளும் எலிகளும் சந்தையில் அடிக்கடி வருபவை, ஒப்பிடவும் எளிது. கையொப்பம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு நான் காட்டும் இடம் அதுதான்.

இந்த வழியை உண்மையில் பாதுகாப்பானதாக ஆக்குவது, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்ற வரலாறு. ஜெர்மானியர் ஆல்பர்ட் பிராக்ஹவுஸ் தம் பெருந்தொகுப்பைப் பற்றி 1905-இல் நூலாகவே வெளியிட்டார். மார்க் ஹிண்ட்சனின் தொகுப்பு 1960-களின் கடைசியில் லண்டன் சோத்பியில் பகுதி பகுதியாக ஏலம் போனது. டோக்கியோவில் வழக்கறிஞராக இருந்த அமெரிக்கர் ரேமண்ட் புஷெல் சேர்த்தவற்றில் அறுநூறுக்கும் மேல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அவர் கையிலிருந்து வேறு இடங்களுக்குப் போனவையும் உண்டு. 1905-இல் படத்தோடு அச்சான ஒன்றை 1985-இல் யாரும் புதிதாகச் செய்திருக்க முடியாது. அதுவே ஒரு சான்றிதழுக்கு மேல். இந்த வரலாற்றுக்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கையொப்பம் இல்லாதவை

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். 18-ஆம் நூற்றாண்டில் மரத்தில் செதுக்கிய பலர் பெயர் பொறிக்கவே இல்லை. ஒசாகாவின் யோஷிமுரா ஷூசன் அந்தக் காலத்தின் முதன்மைக் கலைஞர்களில் ஒருவர், ஓவியரும்கூட. ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் டிராகன்களையும் முனிவர்களையும் விநோத உயிர்களையும் செதுக்கி வண்ணம் தீட்டினார். எதிலும் கையொப்பமிடவில்லை. கையொப்பம் இல்லாததைத் தாழ்வாக நினைப்பவர்கள் இந்த ஒருவரை நினைத்துக்கொண்டால் போதும்.

பழைய மர உருவங்கள் பிற்காலத்தவற்றைவிடப் பெரும்பாலும் பெரியவை, துணிச்சலானவை. சீனக் கதைகளிலிருந்து வந்த முனிவர்கள் நிறைய: தேரையோடு திரியும் காமா, சுரைக்குடுவைக்குள்ளிருந்து குதிரையை வரவழைக்கும் சோகரோ, இரும்பு ஊன்றுகோலோடு தெக்காய். நீளமான கால்கள் உள்ளவனும் நீளமான கைகள் உள்ளவனும் சேர்ந்து மீன் பிடிக்கும் ஜோடி. நாகசாகியின் தெஜிமா தீவில் அடைபட்டிருந்த டச்சு வணிகர்களைத் தொப்பியும் பொத்தான் சட்டையுமாகக் கையில் சேவலோடு செதுக்கியவை. ஐரோப்பியரை ஆசியர் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இவற்றைவிடக் கலகலப்பான சாட்சி எனக்குத் தெரியாது. இவற்றில் விவரங்கள் குறைவு. முகபாவத்தையும் உடலின் வளைவையும் நாலைந்து வெட்டில் சொல்லிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு மயிரையும் செதுக்கிக் காட்டும் திறமை வந்தது. அந்த அடக்கம் போய்விட்டது.

இங்கே பெயர் இல்லாததால் மரம்தான் பேச வேண்டும். அதைக் கேட்கப் பழகுவது கடினமில்லை. பல ஆண்டுகள் இடுப்பில் இருந்த நெட்சுகேயில் கச்சையோடு உரசிய பக்கம் மற்றப் பக்கங்களைவிட மழுங்கியிருக்கும். விரல் படும் மேடுகள் தேய்ந்து வெளிறி மின்னும். கை நுழையாத இடுக்குகள் கறுத்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கைவைத்த திண்ணைத் தூணின் வழுவழுப்பு அது. போலியில் சாயம் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கும், அல்லது தேய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேய்த்திருப்பார்கள். முனிவரின் நெற்றி தேய்ந்திருந்து முதுகு புதிதாக இருந்தால் யோசியுங்கள், கச்சையில் பட்டது முதுகுதான்.

துளைகளைத் தனியாகப் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் ஒரு துளை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பெரியதற்குள் கயிற்றின் முடிச்சை மறைத்துவிடலாம். கயிறு இழுபட்ட பக்கத்தில் விளிம்பு உருண்டிருக்கும். சிலவற்றில் துளையே தோண்டியிருக்க மாட்டார்கள். குரங்கின் கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியிலேயே கயிறு போகும்படி யோசித்துச் செதுக்கியிருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் செய்தவர் கெட்டிக்காரர் என்று நம்பலாம். மேசையில் வைப்பதற்கென்று செய்த ஓகிமோனோ சிற்பங்களில் பிற்பாடு துளை போட்டு நெட்சுகே என்று விற்பதும் நடக்கிறது. துளை உருவத்தின் நடுவில் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கும், மாட்டினால் முகம் தரையைப் பார்க்கும். ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. காலம் சொல்வது உத்தேசம்தான். ‘18-ஆம் நூற்றாண்டு’ என்ற சொல்லை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கையொப்பம் இல்லாததை விற்கப் போனால் வாங்குபவரும் கண் உள்ளவராக இருக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் படத்தை மட்டும் பார்த்து வாங்க முடியாது. எடை, வழுவழுப்பு, உள்ளங்கையில் உட்காரும் விதம், இவை எதையும் படம் சொல்லாது. பழைய மரத்தில் இழையோடு போகும் மெல்லிய வெடிப்பு இருந்தால் எனக்குக் கவலை இல்லை. ஒடிந்த காலை ஒட்டி, மேலே சாயம் பூசி மறைத்திருந்தால் அது வேறு விஷயம். பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

புதியவை

1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் மேற்கத்திய உடுப்பு பரவியது, அதில் பை இருந்தது. நீண்ட குழாயும் புகையிலைப் பையும் போய் சிகரெட் வந்தது. நெட்சுகேயின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு செதுக்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகவே செதுக்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலை மறுபடி நிமிர்ந்தது. ஜப்பானிய அரச குடும்பத்தின் இளவரசர் தகாமாதோவும் இளவரசியும் சமகாலக் கலைஞர்களின் நெட்சுகேகளை ஆர்வமாகச் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்புக்கு இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தனி அறை இருக்கிறது. கியோட்டோவின் மிபு பகுதியில், பழைய சாமுராய் வீடு ஒன்றில், நெட்சுகேக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007-இல் திறந்தது. அங்கும் சமகாலப் படைப்புகளுக்கே முதலிடம். ஜப்பானுக்கு வெளியிலும் செதுக்குகிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சூசன் ரெய்ட்டின் பாக்ஸ்வுட் சிற்பங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கலை ஒரு நாட்டோடு முடிந்துபோகும் என்று சொல்ல மாட்டார்கள்.

புதியதை வாங்குவதில் பெரிய நிம்மதி: யார் செய்தது என்ற சந்தேகம் இல்லை. செதுக்கியவர் தம் கையால் எழுதிய மரப்பெட்டியோடு வரும் வழக்கம் உண்டு. என்ன மரம், கண்ணில் பதித்தது என்ன என்று அவரிடமே கேட்கலாம், அதனால் சுங்கத்திலும் தொல்லை குறைவு. உயிரோடிருக்கும் ஒரு கலைஞருக்குப் பணம் போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. ஆனால் மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நல்ல நெட்சுகேக்குப் பல வார உழைப்பு தேவை, விலையும் அப்படித்தான். எனக்கு இதில் குறைவாகப் படுவது தேய்மானம். கயிறே கோக்காத துளை, கச்சையே பார்க்காத முதுகு. சிலர் அந்தச் சுதந்திரத்தில் நீட்டலும் கூர்முனையுமாகச் செய்கிறார்கள்; அழகான சிற்பம்தான், இடுப்பில் தாங்காது. புதியதை வாங்குவதானால், தொங்கவிட்டால் தாங்கும் என்று தோன்றுவதை வாங்குங்கள்.

இணையத்தில் ‘பழைய ஜப்பானிய நெட்சுகே, பத்து சேர்த்து’ என்று வருபவை இந்த ஒப்பீட்டிலேயே சேராது. ரெசின் வார்ப்புகளும், சீனாவிலிருந்து மொத்தமாக வரும் பாக்ஸ்வுட் நகல்களும்தான் பெரும்பாலும். ஒரே எலி நாலு கடையில் ஒரே கோணத்தில் இருக்கும், அடியில் பெரிய கலைஞர் ஒருவரின் பெயர் இருக்கும்.

எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்

பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. லண்டனிலோ டோக்கியோவிலோ பாரிஸிலோ இருப்பவர், அல்லது அங்கே போய்வர வாய்ப்புள்ளவர், கையொப்பமில்லாத பழைய மரத்தையே முதலில் வாங்கட்டும். நெட்சுகேயில் பெயரெடுத்த ஒரு வியாபாரியிடம் போய், ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். ஏலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆனால் அவரிடமே இருபது முப்பது நெட்சுகேகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு கூடவே கிடைக்கிறது. அந்தப் பாடத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்தாலும் தகும். போவதற்கு முன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் மர நெட்சுகேகளை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனால் கண் பழகியிருக்கும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ டொரொன்டோவிலோ உட்கார்ந்து படம் பார்த்து வாங்குகிறவருக்கு நான் பெயரற்றதைச் சொல்ல மாட்டேன், எனக்கு எவ்வளவுதான் பிடித்தாலும். பழைய தொகுப்பின் பெயரோடு வரும் கையொப்பமுள்ள ஒன்று அல்லது செதுக்கியவரிடமிருந்தே வரும் புதியது, இரண்டில் ஒன்று. வியன்னாவின் சாக்கே, கொலோனின் லெம்பெர்ட்ஸ், லண்டனின் பான்ஹம்ஸ் போன்ற ஏலக்கூடங்கள் பொருளின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்டால் தருகின்றன. எத்தனை ஒட்டு, எத்தனை வெடிப்பு என்று அதில் இருக்கும். சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏலக்கூடத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேரும். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உச்சவரம்பை முடிவு செய்ய வேண்டும்.

எந்த வழியானாலும் பணம் அனுப்புவதற்கு முன் மூன்று படங்கள் கேளுங்கள்: அடிப்பாகம், முதுகு, இரண்டு துளைகளும் ஒரே படத்தில். முகத்தின் படத்தை எல்லாரும் அழகாக எடுத்துப் போட்டிருப்பார்கள். இந்த மூன்றை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் எண்ணெய், மெழுகு எதையும் தடவாதீர்கள். வெயில் படாத, ஏசி காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். பெட்டிக்குள் பூட்டி மட்டும் வைக்காமல் சுத்தமான கையால் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். மரத்துக்கு அது நல்லது.